கப்பி மீனும் ஓசூர் ஏரிகளும்

ஓசூரில் குடியிருப்பவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் குறை சொல்லாமல் முடிப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு, கீசருக்குள்ளே சுண்ணாம்பு. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. மனிதர்கள் நொந்துகொள்ளும் இந்தக் கடின நீரை விரும்பி வாழும் உயிர் ஒன்று உண்டு. அது கப்பி மீன். கால்சியமும் மக்னீசியமும் கரைந்த, சற்றே காரத்தன்மை கொண்ட நீர்தான் அதற்கு ஏற்றது. சுத்தம் என்று நம்பி ஆர்.ஓ. நீரை ஊற்றி வளர்ப்பவர்கள், அதற்கு வேண்டிய தாதுக்களையெல்லாம் வடிகட்டிவிட்டு மீன் வாடுகிறதே என்று வருந்துகிறார்கள்.

வெனிசுவேலாவும் டிரினிடாட் தீவும் கப்பியின் தாயகம். 1859இல் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். டிரினிடாடிலிருந்து அதை லண்டனுக்கு அனுப்பிய லெக்மியர் கப்பியின் பெயரால் 1866இல் இன்னொரு பெயரும் இடப்பட்டது. அறிவியலில் முன்னது நின்றது. கடைவீதியில் பின்னது நின்றது. நம் மொழியில் கிணற்று உருளைக்கும் கப்பி என்றுதான் பெயர். இந்த மீனைப் பிற்பாடு கிணறுகளில் கொண்டுபோய் விட்டார்கள் என்பதை நினைக்கையில் இந்தத் தற்செயல் வேடிக்கையாகவே இருக்கிறது.

இது முட்டையிடுவதில்லை. ஏறக்குறைய நான்கு வாரம் வயிற்றில் சுமந்து உயிருள்ள சிறுமீன்களை ஈனுகிறது. அவற்றைக் குஞ்சு என்பதா, குட்டி என்பதா? கடைக்காரர்கள் தயங்காமல் 'குட்டி போடும் மீன்' என்கிறார்கள். தொல்காப்பிய மரபியல் அடுக்கும் ஒன்பது இளமைப் பெயர்களில் குட்டி இருக்கிறது, குஞ்சு இல்லை. ஆகவே கடைக்காரர்கள் பக்கம் நிற்பதில் நமக்குச் சங்கடம் ஏதுமில்லை.

இந்த மீனுக்குச் செடித் தொட்டி அமைப்பது ஓசூரில் கடினமன்று. நீலக் கூழாங்கல்லும் பிளாஸ்டிக் செடியும் வாய் திறந்து குமிழி விடும் பொம்மையும் நிறைந்த தொட்டியை நாம் பொருட்படுத்துவதில்லை. அது ஓர் அலமாரிப் பொருள், அவ்வளவே. செடித் தொட்டி வேறு வகை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி ஏறத்தாழ ஐம்பத்தைந்து லிட்டர் கொள்ளும். அடியில் உரம் கலவாத தோட்டத்துச் செம்மண்ணை ஓரங்குலம் பரப்பி, அதன்மேல் கழுவிய ஆற்றுமணலை இன்னோர் அங்குலம் மூடினால் போதும். அமெரிக்கரான டயானா வால்ஸ்டட் 1999இல் வெளியிட்ட நூல் வழியே பரவிய முறை இது. கரியமில வாயு உருளையோ விலையுயர்ந்த உரமோ தேவையில்லை. இப்பகுதிச் செம்மண்ணில் செடிக்கு வேண்டிய இரும்பும் உண்டு.

செடிகளைத் தேர்வதில்தான் உள்ளூர் அறிவு வேண்டும். வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா இரண்டும் நம் நீர்நிலைகளுக்கு உரியவை. கடின நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தே தமக்கான கரியைப் பெறும் திறன் அவற்றுக்கு உண்டு. 'கிரிப்டோகோரைன்' என்று கடைகளில் விலை சொல்லும் செடியின் ஓர் இனம், நாட்டு அதிவிடயம் என்ற பெயரில் நம் மருத்துவ மரபில் நெடுங்காலமாக இருப்பதுதான். நட்டவுடன் மீனை விடுவது கொலைக்கு ஒப்பு. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை வெறும் செடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை பலருக்கு இருப்பதில்லை. இன்னொன்று, குளிர். ஓசூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக் கொளத்தூரின் பண்ணை வெப்பத்தில் பிறந்த மீன், இவ்வூரின் மார்கழி இரவைத் தாங்காது. அந்த இரண்டு மாதமாவது ஐம்பது வாட் சூடேற்றி ஒன்று வேண்டும்.

இவையெல்லாம் சரியாக அமைந்தபின் வருவதுதான் உண்மையான சிக்கல். கப்பி தன் குட்டிகளையே தின்னும். வெற்றுத் தொட்டியில் ஓரிரண்டே தப்பும். செடி அடர்ந்த தொட்டியிலோ ஒளிய இடம் கிடைத்துப் பெரும்பாலானவை பிழைக்கும். ஒருமுறை இணைந்த பெண்மீன் ஆணின் உயிரணுவைப் பல மாதம் சேமித்துவைத்து, ஆணே இல்லாமலும் அடுத்தடுத்து ஈனும். ஆறு மாதத்தில் தொட்டி கொள்ளாது. அப்போது நல்லெண்ணம் கொண்டவர்கள் ஒரு பிளாஸ்டிக் பையில் மீன்களை எடுத்துக்கொண்டு இராமநாயக்கன் ஏரிக்கோ கெலவரப்பள்ளி அணைக்கோ செல்கிறார்கள். கொல்ல மனம் வராத கருணை அது என்பது நமக்குப் புரிகிறது. ஆனாலும் அதை நாம் ஏற்பதற்கில்லை.

அரசாங்கமே இந்த மீனை விட்டதே என்று கேட்கலாம். உண்மைதான். கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா 1928இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. கப்பி அதற்கும் முன்னரே வந்துவிட்டது. நமக்கு அண்டையிலுள்ள கோலார் மாவட்டக் காமசமுத்திரம் பகுதிக் கிணறுகளில் கப்பியை விட்டு மலேரியாவைக் கட்டுப்படுத்தினார்கள். அங்கே நோய் பரப்பிய கொசு கிணற்றில் முட்டையிடுவது. அந்தப் பணியை நாம் மதிக்கிறோம். ஆனால் கிணற்றுக்குச் சுவர் உண்டு. ஏரியோ மழைக்காலத்தில் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு வழியும். தென்பெண்ணைக்கும் போய்ச் சேரும். கப்பிக்குப் பின் வந்த கம்பூசியா இன்று உலகின் மிக மோசமான நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது.

இழப்பு யாருக்கு என்றும் பார்க்க வேண்டும். நம் குளங்களில் நீர்ப்பரப்பை ஒட்டியே நீந்தும், தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு மின்னும் விரல் நீள மீன் ஒன்று உண்டு; முண்டக்கண்ணி என்று சிலர் சொல்வார்கள். கொசுப்புழு தின்பதில் அது யாருக்கும் இளைத்ததன்று. முட்டைகளை நீர்ச்செடிகளில் ஒட்டிவைக்கும். கப்பி அந்த முட்டையையும் குஞ்சையும் தின்னும். அதன் இரைக்கும் போட்டியிடும். பெங்களூரின் கழிவு கலந்து நுரை பொங்கும் தென்பெண்ணை நீரில் நாட்டு மீன்கள் திணறும்போது, சாக்கடையிலும் வாழப் பழகிய கப்பிக்கு அதுவே வாய்ப்பாகிவிடுகிறது.

ஏரிக்கு அழகு சேரும் என்ற வாதமும் நிற்காது. 1976இல் ஜான் எண்ட்லர் டிரினிடாடில், வேட்டை மீன்கள் மிகுந்த ஓடையிலிருந்து கப்பிகளை எடுத்து அத்தகைய மீன்கள் இல்லாத ஓடையில் விட்டார். இரண்டே ஆண்டுகளில் ஆண்மீன்களின் வண்ணம் கூடிற்று. எதிரிகள் மிகுந்த இடத்தில் இது தலைகீழாக நடக்கும். விராலும் மீன்கொத்தியும் உள்ள ஏரியில் முதலில் பலியாவது தோகை விரித்த ஆண்தான். எஞ்சுவது சாம்பல் நிறச் சந்ததி.

பெருக்கம் வேண்டாதவர்கள் ஆண்மீன்களை மட்டும் வாங்கலாம். கண்ணைக் கவரும் வண்ணமெல்லாம் ஆணிடம்தான் இருக்கிறது. கடையிலிருந்து வரும் பெண்மீன் பெரும்பாலும் சினையாகவே வரும். இரண்டும் வேண்டுமென்பவர்கள் குட்டிகளை முதல் மாதத்திலேயே பால் பிரித்துத் தனித்தனியே வைக்க வேண்டும். மிஞ்சியதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம். பலர் வாங்கிக்கொள்வார்கள், விலையை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. தொட்டியில் வெட்டிய அயல் செடிகளுக்கும் இதே விதிதான். நம் ஏரிகளை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையும் ஒரு காலத்தில் பூ அழகாயிருக்கிறதென்று தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டதே. வெட்டிய செடியை மொட்டைமாடி வெயிலில் நன்றாகக் காயவைத்து ரோஜாத் தொட்டியில் போட்டுவிடலாம்.