குளிரின்மேல் ஏன் பழி?

மார்கழி, தை மாதங்களில் நமது சரகத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால், வாடகை யந்திரக் கணக்கில் வரவு குறைந்திருப்பதன் காரணத்தைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே விடை கிடைக்கிறது. "பனிக்காலம், ஐயா. காலையில் வண்டி கிளம்புவதில்லை" என்பர். கேட்பவரும் தலையசைத்துவிட்டு அடுத்த பேரேட்டைப் புரட்டுவதே வழக்கமாகிவிட்டது. இவ்விடையை இவ்வளவு எளிதில் ஏற்கலாகாது என்பது நமது கருத்து.

ஊத்துக்கோட்டைப் பகுதியில் நவரைப் பட்டத்துச் சேற்றுழவு நடப்பது இதே நாட்களில்தான். வாடகைக்கு முன்கூட்டிப் பதிந்துவைத்த சிறு விவசாயியின் முறை வருகிற அன்று வண்டி கிளம்பாவிட்டால், அவருடைய முறை தள்ளிப் போகிறது. நாற்றங்காலில் நாற்றின் வயதோ ஏறிக்கொண்டே இருக்கிறது. வேறு வழியின்றி அவர் கூடுதல் வாடகை கொடுத்துத் தனியார் டிராக்டரை அழைக்கிறார். சங்கத்தில் பங்குப்பணம் செலுத்தியவர் அடையும் பயன் இதுதானா?

குளிரின் கதையைச் சற்று ஆராய்வோம். கனடா, ருஷ்யா போன்ற தேசங்களில் இரவில் ரேடியேட்டர் நீரை வடித்துவிட்டு, காலையில் வெந்நீர் ஊற்றி யந்திரத்தைக் கிளப்புவது பழைய விவசாயிகளின் வழக்கம். அது நீர் உறையும் குளிர். நம் ஊரில் மார்கழி விடியலிலும் வெப்பம் 18 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பெட்ரோலோ நீரின் உறைநிலைக்குக் கீழே 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடக் கூடியது. ஆகவே நம் ஊர்ப் பனி பெட்ரோல் யந்திரத்தை நிறுத்திவிடாது.

பின், எது நிறுத்துகிறது? இங்கிலாந்தில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட சாம்பல் நிறப் பெர்குசன் டிராக்டர்களில், பெட்ரோலில் கிளம்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும் வகை ஒன்று உண்டு. அத்தகைய கிழவண்டி ஒன்று நம் சரகத்துச் சங்கம் ஒன்றில் இன்றும் உழுகிறது. அதே முறையில் ஓடும் சிறு பம்பு யந்திரங்கள் அங்கத்தினர் சிலரிடமும் உள்ளன. (டீசல் வண்டிகளின் விஷயம் வேறு. அவற்றில் பிளக்கும் இல்லை, பொறியும் இல்லை.) மண்ணெண்ணெய் குளிர்ந்த யந்திரத்தில் ஆவியாகாது. அதனால் மாலையில் வேலை முடியுமுன் குழாயைப் பெட்ரோலுக்குத் திருப்பி, கார்புரேட்டரில் எஞ்சிய மண்ணெண்ணெய் எரிந்து தீரும்வரை சில நிமிஷம் ஓட்டிய பிறகே நிறுத்த வேண்டும். அப்படிச் செய்யாமல் நிறுத்தினால், மறுநாள் காலை எத்தனை முறை சுற்றினாலும் கை வலிப்பதுதான் மிச்சம்.

ஓட்டுநருக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் மேற்படி சங்கத்தில், பெட்ரோல் விலை ஏறியதை முன்னிட்டு, நாளொன்றுக்குக் கிளப்புவதற்கு மட்டும் பெட்ரோல் அளந்து கொடுப்பதென நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. நிறுத்துவதற்கென்று ஒரு துளியும் இல்லை. அதற்கு ஒரு தம்ளர் பெட்ரோல் போதும். அதை மிச்சம் பிடித்து, அரைநாள் வாடகையை இழக்கிறார்கள். இதற்குச் சிக்கனம் என்று பெயர்!

பனியைவிட ஈரம்தான் கவனிக்கத் தக்கது. மூடுபனியில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் நீர் கசிந்து, பொறி பிளக்கைச் சேராமற் போகிறது. உலர்ந்த துணியால் துடைத்தால் தீர்ந்தது. இரவில் ஒரு சாக்கைப் போர்த்தினால் அதுவும் வேண்டியதில்லை. இன்றைய பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஆடியில் ஊற்றிய பெட்ரோல் மார்கழிவரை டாங்கியில் கிடந்தால் அடியில் நீர் தங்கக்கூடும். பழைய ரப்பர்க் குழாய்களையும் அது கெடுக்கும். வாரம் ஒருமுறையேனும் வண்டியைக் கிளப்பிச் சூடேற்றுவது நலம். நெசவாள அங்கத்தினருக்கு ஈரத்தைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. பனி மூடிய காலையில் பாவின் கஞ்சி உலராது என்றால், அவர்கள் வெயில் ஏறும்வரை பொறுத்து ஆற்றுகிறார்கள். மார்கழியைக் குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில்லை.

கைப்பிடியால் சுற்றுவோர்க்கு ஒரு வார்த்தை. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். மேலிருந்து கீழே அழுத்தலாகாது. யந்திரம் திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். கிளம்பாத கோபத்தில் கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றுவது அதனினும் ஆபத்து. வண்டியோடு கொட்டகையும் எரியும்.

வண்டி சங்கத்துடையது என்பதால் அதைப் பார்த்துக்கொள்வது எவர் வேலையும் இல்லை என்றாகிவிட்டது. காரியதரிசி ஓட்டுநரைச் சொல்கிறார். ஓட்டுநர் பழுதுபார்ப்பவரைச் சொல்கிறார். மாலையில் எத்தனை மணிக்கு, எந்த எரிபொருளில் வண்டி நின்றது என்று எழுத ஓட்டப் பதிவேட்டில் ஒரு கலம்கூட இல்லை.

நிர்வாகக் குழுவினர் அடுத்த கூட்டத்திலேயே அந்தப் பெட்ரோல் தீர்மானத்தை ரத்து செய்து, நிறுத்தும் பெட்ரோலுக்கும் அனுமதி வழங்கி, மாலைப் பொறுப்பாளர் ஒருவரின் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டுகிறோம். உழவுக்குப் பதிந்தவர்களின் பட்டியல் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. முதற் பெயருக்குரியவரின் நாற்று ஏற்கெனவே பறிக்கும் பருவத்துக்கு வந்துவிட்டது.