கன்றுக்கு ஒரு மண்பானை



பீங்கானுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்தில் வாழும் நாம், இருவகைப் பாத்திரங்களை நன்கு அறிவோம். மெருகுப் பூச்சுள்ள பீங்கான் கோப்பையில் நீர் கசிவதில்லை. பூச்சில்லாத மண்பானையிலோ நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது. உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது.

இலையில் இவ்விரண்டும் உண்டு. மெழுகு போன்ற கியூட்டிக்கிள் படலம் மெருகுப் பூச்சாக நின்று நீரைக் காக்கிறது. இலைத்துளைகள் நீராவியை வெளிவிடுகின்றன. இதுவே நீராவிப்போக்கு. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இவ்வாறு வெளியேறுகிறது. இதை வீண் செலவு என்பது தவறு. இலையில் நீர் ஆவியாவதால் உண்டாகும் இழுவிசையே சைலக் குழாய்களின் நீரை உச்சிக்கிளை வரை உயர்த்துகிறது. டிக்சன், ஜாலி என்னும் அறிஞர்கள் 1894இல் இதை எடுத்துரைத்தனர்.

நீர் குறைந்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். ஆனால் மூடியே இருந்தால் கரியமில வாயு உட்புகாது. உணவு தயாரிப்பும் குன்றும். வளர்ந்த வேம்பு ஆழ்ந்த வேரால் பிழைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் நாம் நட்ட கன்று என் செய்யும்? நாம் கோடை விடுமுறையைக் கழித்துத் திரும்புமுன் அது கருகிவிடுகிறதே!

கன்று நடுவதினும் முதற்கோடையில் அதைக் காப்பதே பெரிது என்று நாம் கருதுகிறோம். கன்றருகே பூச்சில்லாத மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி மூடிவைத்தால், நீர் மெல்லக் கசிந்து வேரைச் சேரும். விடுமுறையில் முறைவைத்து நிரப்ப, வகுப்புக்கு நால்வர் போதும். நட்ட கையே நீரும் வார்க்கட்டும். இறைவனின் படைப்பைப் பேணுவதும் ஜெபமே அன்றோ!