பூட்டுச் செய்தவன் யார்? பழி சுமப்பவள் யார்?



முலுண்டில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கும் நம் சகோதரி ஒருவர் சென்ற மழைக்காலத்தில் அழுதபடி சங்க அறைக்கு வந்தார். ஊரிலிருக்கும் மகளின் படிப்புக்காகச் சேர்த்த 38,000 ரூபாய் அவர் கணக்கிலிருந்து போய்விட்டது. "அக்கா, உங்கள் கணக்கு இன்றோடு முடங்கிவிடும்" என்று ஒருவன் நல்ல தமிழில் பேசியிருக்கிறான். கைபேசிக்கு வந்த எண்ணைக் கேட்டான், சொல்லிவிட்டார். "இதை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற எச்சரிக்கையும் அந்த எண்ணோடு வந்திருந்தது, ஆங்கிலத்தில்! திருடனுக்கு அவருடைய மொழி தெரிந்திருக்கிறது. பணத்தைக் காக்க வேண்டிய வங்கிக்குத் தெரியவில்லை.

முதலில் போனது 23,000. பதறிப்போய் மாலையிலேயே வங்கிக்கு ஓடிச் சொன்னார். "நேரமாகிவிட்டது, நாளை வா" என்றார்கள். அன்றிரவு மீதி 15,000 போயிற்று. மறுநாள் நாங்கள் உடன் சென்றபோது கிடைத்த பதில்: "படிக்காதவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?"

எதற்கா? கேட்டு வாங்கினோமா நாம்? 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துவிட்டு, இனிக் கைபேசிதான் பணப்பை என்று ஊரெல்லாம் முழங்கியது யார்? கூலியைக் கணக்கில்தான் போடுவோம் என்றது யார்? வீட்டுக்குள் நம்மைத் தள்ளியவர்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்தார்களா?

படிப்பில்லாததுதான் காரணம் என்போருக்குச் சில செய்திகளை நினைவூட்டுகிறோம். 2016-இல் நாடு முழுவதும் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரம் களவு போயிருக்கலாம் என்று வங்கிகள் பதறின. ஸ்டேட் பாங்க் மட்டும் சுமார் 6 லட்சம் கார்டுகளை முடக்கியது. கோளாறு நம் கையில் இல்லை, ஏ.டி.எம்.களை இயக்கிய ஒரு நிறுவனத்தின் கணினிக்குள் இருந்தது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்து சிட்டி யூனியன் வங்கியிலிருந்து சுமார் 20 லட்சம் டாலரை வெளிநாடுகளுக்குத் திருப்ப முயன்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நம் பக்கத்துப் புனேயில் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியின் கணினிக்குள் புகுந்து, போலிக் கார்டுகளால் 28 நாடுகளில் பணம் எடுத்து, மொத்தம் 94 கோடி ரூபாய்க்கு மேல் கொண்டுபோனார்கள். கோடி கோடியாய் இழந்த பெரிய மனிதர்களைப் பார்த்து "படிக்காதவன்" என்று எவனாவது சொன்னானா? அவர்கள் இழந்தால் சதி. நம் அக்கா இழந்தால் அலட்சியம்!

எங்களில் பலர் ரயில்வேயில் உழைப்பவர்கள். தண்டவாளத்தில் ஒரு வண்டி நின்றால், பின்னால் வரும் வண்டிக்குச் சிவப்பு விழும்படியே சிக்னலை அமைத்திருக்கிறார்கள். மனிதன் தவறுவான் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு அது. வண்டிகள் மோதினால் பயணியைப் பிடித்து "நீ ஏன் பார்த்து ஏறவில்லை?" என்று யாரும் கேட்பதில்லை. பணம் ஓடும் பாதைக்கு மட்டும் வேறு நீதியா?

நம் பக்கத்திலும் குறை உண்டு, மறைக்கவில்லை. பிறந்த ஆண்டையே ரகசிய எண்ணாக வைக்கிறோம். கைபேசிக் கடைப் பையனிடம் எல்லாவற்றையும் திறந்து கொடுக்கிறோம். ஆதார் நகலைக் கேட்டவர்க்கெல்லாம் நீட்டுகிறோம். இவற்றை விட வேண்டும். ஆனால் நம் குறையைக் காட்டித் தம் குறையை மூடுவோரை விடக்கூடாது.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி என்ன? தவறு வங்கியுடையது என்றால் நமக்கு நட்டமில்லை. தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். தவறு நம்முடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியின் தலையில். எண்ணைச் சொல்லிவிட்டவருக்கு மட்டும் அந்த விதி இரங்கவில்லை. தெரிவிக்கும்வரை போனது அவர் நட்டமே. ஆயினும், தெரிவித்த பிறகு போவது வங்கியின் நட்டம்! அப்படியானால் அந்த 15,000 யாருடைய பொறுப்பு? வாய்ச்சொல்லாய்ச் சொன்னார், கையில் சீட்டு இல்லை. அந்த ஒரு சீட்டு இல்லாததால் இன்றும் அலைகிறார்.

2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டமோ, நம் விவரங்களைக் காக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி வரை அபராதம் என்கிறது. நல்லது. அந்தப் பணம் எங்கே போகும்? அரசுக் கருவூலத்துக்கு! பறிகொடுத்தவருக்குக் காலணாவும் இல்லை.

நாம் கேட்பது சலுகை அல்ல. எச்சரிக்கை அவரவர் மொழியில் வரட்டும். சிறு கணக்கிலிருந்து புதிய ஆளுக்குப் பெருந்தொகை போனால் சில மணி நேரம் நிறுத்தி வைக்கட்டும். அபராதத்தில் பறிகொடுத்தவருக்குப் பங்கு கொடுக்கட்டும்.

அதுவரை, தோழர்களே, பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே 1930-க்குப் பேசுங்கள். வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, தேதியும் நேரமும் முத்திரையும் உள்ள நகலை வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். 30 நாளில் நியாயம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவோம். எழுதத் தெரியாதவர்கள் சங்க அறைக்கு வாருங்கள். நாங்கள் எழுதித் தருகிறோம், உடன் வருகிறோம்.

ஏமாந்தது வெட்கமல்ல. ஏமாந்ததை மறைத்து வாய்மூடி இருப்பதுதான் திருடனுக்கும் வங்கிக்கும் வசதி. அந்த வசதியை இனியும் கொடுக்க வேண்டாம்!