ஐந்து நாற்காலிகளும் ஒரு தாழியும்

1968 பிப்ரவரி 28 அன்று நமது வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டிலே ஆரோவில் நகருக்குக் கால்கோள் விழா நடந்தது. 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியிலே இட்டனர். வல்லரசு மண்ணுக்கு வெள்ளித் தாழி, ஏழை நாட்டு மண்ணுக்கு மண் தாழி என்று பிரித்து வைக்கவில்லை. ஒரே தாழி! ஆரோவிலைப் பற்றி நமக்கு ஆயிரம் கருத்து இருக்கலாம். அதைப் பிறகு பேசலாம். அந்தத் தாழியிலே கண்ட சமத்துவம் ஐக்கிய நாடுகள் மன்றத்திலே உண்டா என்பதே நமது கேள்வி.

1945லே சாசனத்தில் கையெழுத்திட்ட நாடுகள் 51. வெள்ளையன் ஆண்ட இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர், நீதிக்கட்சியிலே வளர்ந்த ஆற்காடு இராமசாமி முதலியார். இன்று உறுப்பு நாடுகள் 193. பாதுகாப்புச் சபையின் இடங்களோ 1965லே பதினொன்றிலிருந்து பதினைந்தாயின; அத்தோடு சரி! நிரந்தர நாற்காலிகள் அன்றும் ஐந்து, இன்றும் ஐந்து. அமெரிக்கா, ரஷ்யா, பிரிட்டன், பிரான்சு, சீனா. ஆப்பிரிக்காவின் 54 நாடுகளுக்கு அதிலே ஒரு முக்காலிகூட இல்லை.

நம்மூர்க் கூட்டுறவுச் சங்கத்திலே 193 உறுப்பினர் இருந்து, ஐந்து பேரில் எவர் ஒருவர் தலையசைத்தாலும் தீர்மானம் செத்துவிடும் என்றால் நாம் ஒப்புவோமா? அதற்குத்தான் 'வீட்டோ' என்று பெயர். அந்த விதியை மாற்றுவதற்கும் அதே ஐவரின் சம்மதம் வேண்டுமாம்!

எங்கோ நியூயார்க்கில் நடப்பது நமக்கென்ன என்று கேட்கலாகாது, தோழர்களே. கடற்கரையோரம் கீழ்ப்புத்துப்பட்டு முகாமிலே ஈழத்து அகதிகள் வாழ்கின்றனர். 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் வன்னியை விட்டு வெளியேறினர். போகாதீர்கள் என்று மக்கள் கெஞ்சினர். 2009லே குண்டுமழை பொழிந்த மாதங்களிலும் அந்தப் போர் பாதுகாப்புச் சபையின் முறையான நிகழ்ச்சி நிரலில் ஏறவேயில்லை. உள்நாட்டு விவகாரம் என்றன ரஷ்யாவும் சீனாவும். வீட்டோவை வீசவேண்டிய அவசியமே அவற்றுக்கு நேரவில்லை. அது கையிலிருந்ததே போதுமாயிருந்தது. மே 13 அன்று பத்திரிகைகளுக்குக் கவலை தெரிவித்து ஓர் அறிக்கை வந்தது. மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. தவறிவிட்டோம் என்று ஐ.நா.வின் சொந்த விசாரணை அறிக்கையே 2012லே ஒப்புக்கொண்டது. யாருக்கு என்ன தண்டனை? ஒன்றுமில்லை.

இந்தியாவுக்கு நிரந்தர இடம் வேண்டும் என்கிறது டில்லி. 140 கோடி மக்களின் நாடு கேட்பது நியாயந்தான். ஆனால் 2009 மே 27 அன்று ஜெனிவாவின் மனித உரிமை மன்றத்திலே, இலங்கை அரசே கொண்டுவந்த தீர்மானத்துக்குக் கை தூக்கியது இதே இந்தியா! ஐந்து ஆறானால் மட்டும் முள்ளிவாய்க்கால்கள் நின்றுவிடுமா?

மாற்றவே முடியாது என்பாரும் உண்டு. நாற்பதாயிரம் பேர் வாழும் லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாடு, நம் வானூர் வட்டத்தின் மக்கட்தொகைக்கே எட்டாத நாடு, 2022 ஏப்ரலில் பொதுச்சபையிலே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றிக் காட்டியது. யார் வீட்டோ போட்டாலும் பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி அதை விவாதிக்கும். பல் இல்லாத ஏற்பாடுதான். ஆனாலும் வல்லரசு இனி ஊரறியப் பதில் சொல்லியாக வேண்டும். மக்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படும்போது வீட்டோவைத் தொடலாகாது என்று பிரான்சும் மெக்சிகோவும் 2015லேயே கோரிவிட்டன. டில்லி அந்த உறுதியை எழுதிக் கொடுத்துவிட்டு நாற்காலி கேட்கட்டும். அப்படிக் கேட்கச் சொல்லி நமது உறுப்பினர்கள் நாடாளுமன்றத்திலே குரல் எழுப்ப வேண்டும்.