இரக்கம் மட்டும் போதுமா?

திருப்பரங்குன்றத்துக் கோயிலின் முன்மண்டபத் தூண்களில் யாளிகளோடு குதிரைகளும் முன்னங்கால் தூக்கி நிற்கின்றன. மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் எல்லைகளிலோ சுடுமண் புரவிகள் காவல் நிற்கின்றன. கல்லிலும் மண்ணிலும் குதிரையை இத்துணைப் பெருமையோடு நிறுத்தி வைத்த நாம், உயிருள்ள குதிரையின் முதுமை எவ்வாறு கழிகிறது என்று எண்ணிப் பார்ப்பதுண்டா?

ஒரு காலத்தில் மதுரைத் தெருக்களில் ஜட்கா வண்டிகள் ஓடின. திருவிழாக் காலங்களில் குடும்பம் குடும்பமாக அவற்றில் ஏறிச் சென்றதை நம் முதியோர் இன்றும் நினைவுகூர்வர். பேருந்தும் ஆட்டோவும் பெருகவே அந்த வண்டிகள் மறைந்தன. இன்று குதிரைக்குக் கிடைக்கும் வேலை திருமண ஊர்வலமும், சுற்றுலா இடங்களில் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் சவாரியுமே. கால் நொண்டினாலோ வயது ஏறினாலோ அந்த வேலையும் போய்விடுகிறது. உழைக்காத குதிரைக்குத் தீனி போட இயலாத ஏழை உரிமையாளர் அதனை அவிழ்த்து விட்டுவிடுகிறார். குதிரை கீழே தள்ளியதுமன்றிக் குழியும் பறித்ததாம் என்பது பழமொழி. உண்மையில் மனிதன் குதிரைக்குச் செய்வதல்லவா அது?

அப்படி விடப்பட்ட குதிரையொன்று விலா எலும்பு தெரிய நம் தெருமுனையில் குப்பையைக் கிளறி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். "அப்பா, இதை நாமே வளர்க்கலாமே!" என்று பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள். பெற்றோர் என்ன மறுமொழி கூறுவது? "நமக்கெதற்கு வம்பு" என்று கதவைச் சாத்துவது எளிது. மனம் இளகி உடனே கயிற்றைப் பிடித்து இழுத்து வருவதும் எளிதுதான். இவ்விரண்டில் எதுவும் அந்தக் குதிரையைக் காப்பாற்றாது.

இதற்கு நம் பாண்டிய நாட்டு வரலாறே சான்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல் கடந்து பொன் கொடுத்து வாங்கினார் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100கூட எஞ்சவில்லை என்றும் எழுதி வைத்தார். குதிரையைப் பேணும் முறை இங்குள்ளோர்க்குத் தெரியவில்லை. இறைச்சி கலந்த சோற்றை ஊட்டினர். குதிரை வைத்தியர் எவரும் இல்லை. வைத்தியர் வந்துவிட்டால் வணிகம் குறையுமே என்று வணிகரே அவர்களைத் தடுத்தனராம். அந்த மன்னர்க்குக் குதிரைமீது ஆசை இல்லாமலா போயிற்று? ஆசை இருந்தது, அறிவுதான் இல்லை.

அந்தத் தவறு இன்றும் நிகழக்கூடும். பசித்த குதிரையைக் கண்டதும் நம் கை பழஞ்சோற்றுக்கும் விருந்தில் மீந்த பண்டத்திற்குமே நீளும். குதிரையின் இரைப்பை சிறியது. உண்டதை வாந்தியெடுக்க அதனால் இயலாது. ஒவ்வாத உணவு கடும் வயிற்றுச் சூலையை உண்டாக்கி உயிரையே பறித்துவிடும். நெடுநாள் பட்டினி கிடந்த குதிரைக்கு ஒரே நாளில் வயிறு நிறையத் தானியம் வைப்பதும் ஆபத்தே. நல்ல தண்ணீரும், சிறிது சிறிதாகப் பலமுறை புல்லும் கொடுத்துக் கால்நடை மருத்துவரை அழைப்பதே முதல் உதவி. குதிரையின் பின்புறம் பிள்ளைகளை நிற்கவிடலாகாது. கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் பரவக்கூடியது. ஆதலால் இரத்தப் பரிசோதனை செய்யாத குதிரையை வீட்டிற்குள் சேர்த்தல் தகாது.

அதன் பின்னரும் கடமை நீண்டுகொண்டே செல்கிறது. 300 கிலோ எடையுள்ள ஒரு நாட்டுக் குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 கிலோ உலர்தீவனமும் 20 முதல் 30 லிட்டர் தண்ணீரும் வேண்டும். கோடையில் தண்ணீர் இன்னும் கூடும். 6 முதல் 8 வாரத்திற்கொருமுறை குளம்பைச் சீவ வேண்டும். பற்களைப் பரிசோதிக்க வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். நிழலும் வேலியும் உள்ள நிலம் வேண்டும். குதிரை கூட்டமாக வாழும் பிராணி; தனிமை அதனை வாட்டும். நன்கு பேணினால் 25, 30 ஆண்டுகள் வாழும். இன்று கேட்கும் பிள்ளை திருமணமாகிச் சென்ற பின்னும் புல்லுக்கட்டுச் சுமப்பவர் யார்?

இவற்றைக் கேட்டு, 'அப்படியானால் நம்மால் ஆவதொன்றுமில்லை' என்று சோர்ந்துவிடலாகாது. 1930இல் எகிப்திலுள்ள கெய்ரோ நகருக்குச் சென்ற டாரதி புரூக் என்ற ஆங்கிலப் பெண்மணி, முதல் உலகப் போரில் உழைத்த குதிரைகள் போருக்குப் பின் விற்கப்பட்டு, எலும்பும் தோலுமாய்ப் பாரவண்டி இழுப்பதைக் கண்டார். 1931இல் தம் நாட்டுச் செய்தித்தாளுக்கு ஒரு கடிதம் எழுதினார். மக்கள் அனுப்பிய பணத்தைக் கொண்டு சில ஆண்டுகளில் சுமார் 5000 குதிரைகளை மீட்டார். அவற்றுள் பெரும்பாலானவை தேறும் நிலையில் இல்லை. அவற்றுக்குச் சில நாள் ஓய்வும் நல்ல தீனியும் அளித்து, வலியின்றி உயிர் பிரியச் செய்தார். கண்ணீரோடு செய்த அந்தச் செயலும் இரக்கமே. 1934இல் அவர் அங்கே நிறுவிய மருத்துவமனையிலிருந்து வளர்ந்த அறப்பணி இன்று நம் நாட்டிலும் நடைபெறுகிறது.

நம் தமிழகத்திலும் வழி உண்டு. நீலகிரியில் மசினகுடியை அடுத்த மாவனல்லாவில், கைவிடப்பட்ட குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் புகலிடம் அமைத்துப் பேணி வந்துள்ளனர். இத்தகைய இடங்களில் ஒரு குதிரையின் தீனிச் செலவை ஏற்பதும் தத்தெடுப்புதான். ஒரு குடும்பத்திற்கு அது பாரமானால், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஏற்கலாமே! நிலமும் வசதியும் அனுபவமும் உள்ளவர்கள் மருத்துவரின் யோசனையோடு வீட்டிலேயே வளர்க்கட்டும். மேலும், பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அண்டை அயலாருக்குப் பக்குவமாக எடுத்துரைக்கலாம். அந்த ஏழை உரிமையாளர் நோயுற்ற குதிரையை மருத்துவரிடம் கொண்டுசெல்ல நாம் உதவினால், அவர் அதனைத் தெருவில் விடும் நிலையே வாராது.

பெற்றோரே, பிள்ளைகளின் கெஞ்சலை அதட்டி அடக்காதீர்கள். அது நல்ல உள்ளத்தின் குரல். அவர்களை அருகில் அமர்த்தி, இடம் உண்டா, பணம் உண்டா, நாள்தோறும் பார்ப்பவர் யார், நமக்குப் பின் யார் என்ற நான்கு கேள்விகளுக்கும் ஒரு தாளில் விடை எழுதச் செய்யுங்கள். விடை கிடைத்தால் குதிரை வரட்டும். கிடைக்காவிட்டால், அதற்கேற்ற புகலிடத்தை அவர்களோடு சேர்ந்து தேடுங்கள். இரக்கப்படுவது ஒரு நாள் வேலை. பேணுவது ஆயுள் முழுவதற்குமான வேலை என்பதைப் பிள்ளைகள் இளமையிலேயே கற்றுக்கொண்டால், நாளை வீட்டிலுள்ள முதியோரையும் அவர்கள் கைவிடமாட்டார்கள்.