'வென்ட்' எந்த வீட்டுப் பிள்ளை?

பி.காம். முடித்த கையோடு சென்னையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் எடுபிடியாகச் சேர்ந்திருந்த நேரம். ஆடிட்டர் சார் பாங்க்குக்குக் கிளம்பிப் போன பத்தாவது நிமிஷம் போன் அடித்தது. எதிர்முனையில் ஒரு வடநாட்டுக் கம்பெனியின் மேனேஜர். பயங்கர இங்கிலீஷ். சார் இருக்கிறாரா என்று கேட்கிறார், அதுவரைக்கும் புரிந்தது.

'சார் போயிட்டார்' என்று மனசுக்குள் தமிழ் ரெடி. அதை அப்படியே இங்கிலீஷாக்கி எடுத்துவிட்டேன்.

"சார் இஸ் கான்."

எதிர்முனையில் மௌனம். பிறகு குரல் இறங்கி, "வென்?" என்றார்.

"ஜஸ்ட் நவ் சார். டென் மினிட்ஸ்."

"ஓ மை காட்! ஹவ்?"

"பை ஸ்கூட்டர் சார்."

முக்கால் மணி நேரத்தில் மேனேஜரும் இன்னொருத்தரும் ரோஜா மாலையோடு படியேறி வந்துவிட்டார்கள். ஆடிட்டர் சார் தன் சீட்டில் உட்கார்ந்து மெதுவடையைச் சட்னியில் புரட்டிக்கொண்டிருந்தார். மாலையை என்ன செய்வதென்று தெரியாமல், சுவரில் இருந்த பிள்ளையாருக்குப் போட்டார்கள்.

சாயங்காலம் சார் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இனிமே போன் அடிச்சா நீ எடுக்காதே" என்றார். அவ்வளவுதான். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதற்கப்புறம் ஆறு மாசம், போன் மணி அடித்தாலே நான் ஃபைல் தேடுகிற மாதிரி பீரோ பின்னால் போய் நின்றுகொள்வேன்.

இந்த 'கோ'வோடு எனக்குத் தகராறு ஏழாம் வகுப்பிலேயே ஆரம்பம்.

அப்பாவுக்கு மளிகைக் கடை. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். இங்கிலீஷ் தெரியாது, எழுத்துக் கூட்டத் தெரியும். ராத்திரி கல்லா பக்கத்தில் என்னை உட்கார வைத்து, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிக்கச் சொல்வார். 'வாக் - வாக்ட் - வாக்ட்' எல்லாம் நல்லபடியாகப் போனது. 'கோ - வென்ட் - கான்' என்றேன். பளார்!

"கோ-ன்னு ஆரம்பிச்சிட்டு நடுவுல வேற எவனையோ கூட்டியாரியே... ஏமாத்தறியா?"

அழுதுகொண்டே நோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ஏண்டா இப்படி? நாளைக்கு வாத்தியாரைக் கேட்டுட்டு வந்து சொல்லு" என்றார்.

வாத்தியாரைக் கேட்டேன். "அது அப்படித்தான். மனப்பாடம் பண்ணு" என்று சொல்லித் தலையில் ஒரு குட்டு வைத்தார். ஒரே கேள்விக்கு இரண்டு இடத்தில் அடி வாங்கிய ஒரே மாணவன் நான்தான்.

"அது அப்படித்தானாம்ப்பா."

"அப்படித்தான்னு ஒரு கணக்கு கிடையாதுடா. எங்கியோ வரவு இருக்கும்" என்றார் அப்பா.

அவர் சொன்னதுதான் சரி. இருந்திருக்கிறது!

இங்கிலீஷில் 'வெண்டு' என்று ஒரு வினைச்சொல் உண்டு. திரும்பி நடப்பது, வழி பார்த்துப் போவது என்று அர்த்தம். இதன் கடைசி எழுத்து, டில்லியின் முதல் எழுத்து. இறந்தகாலத்தில் அந்த டில்லி 'டி' எழுந்துபோய், டீக்கடை 'டீ' வந்து உட்காரும். ஸெண்டு - ஸென்ட், ஸ்பெண்டு - ஸ்பென்ட் மாதிரி, வெண்டு - வென்ட்! ஆக, வென்ட் என்பது வெண்டு பெற்ற பிள்ளை.

'கோ'வுக்குப் பழைய ஆங்கிலத்தில் வேறோர் இறந்தகாலம் இருந்தது. அது மெள்ள வழக்கொழிந்துபோக, 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் கோ குடும்பம் பக்கத்து வீட்டு வென்டைத் தத்து எடுத்துக்கொண்டுவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த வெண்டு என்ன செய்தது? 'வெண்டட்' என்று புதுசாக ஒன்றைப் பெற்றுக்கொண்டது.

இதைவிடப் பெரிய கூட்டுக் குடும்பம் ஒன்று இருக்கிறது. 'ஆம், இஸ்' ஒரு வேர். 'வாஸ், வேர்' இன்னொரு வேர். 'பீ, பீன்' மூன்றாவது வேர். மூன்றும் ஒரே ரேஷன் கார்டில்!

சிரிக்காதீர்கள். நம் வீட்டிலும் கதை அப்படித்தான். வா என்கிறோம். ஆனால் வந்தான், வருகிறான், வருவான். சொல் - சொன்னான், நில் - நின்றான், கேள் - கேட்டான். இறந்தகாலம் காட்ட த், ட், ற், இன் என்று நாலு பேரை நிற்க வைக்கிறது நன்னூல். தமிழ் படிக்க வரும் வெள்ளைக்காரருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? 'அது அப்படித்தான்' என்போம்.

சரி, 'ஐ டிட் நாட் வென்ட்' என்று நம் வாயில் ஏன் வருகிறது? மூளை மக்கு என்பதால் இல்லை. தமிழில் 'இல்லை'க்குக் காலம் கிடையாது. நேத்தும் போகலை, இன்னிக்கும் போகலை, நாளைக்கும் போகலை. மூன்றுக்கும் ஒரே 'போகலை'! இங்கிலீஷில் காலம் காட்டியே ஆகவேண்டும் என்றதும் நாம் பதறி, டிட்டிலும் ஒரு இறந்தகாலம், வென்டிலும் ஒரு இறந்தகாலம் என்று போட்டுவிடுகிறோம். டபுள் என்ட்ரி கணக்குக்கு நல்லது, கிராமருக்கு ஆகாது. டிட் வந்துவிட்டால் காலம் அதன் சட்டைப் பையில். 'டிட் நாட் கோ' போதும்.

அதேபோல, நேற்று, போன வாரம் என்று நாள் சொல்லிவிட்டால் வென்ட் மட்டும்தான். 'ஹாஸ் கான் எஸ்டர்டே' கிடையாது. போனில் யாராவது கேட்டால் 'இஸ் கான்' என்று மொட்டையாக நிறுத்தாமல், 'ஹாஸ் கான் டு த பாங்க்' என்று இடத்தையும் சேர்த்துவிடுங்கள். மாலைச் செலவு மிச்சம்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. 'ஹாஸ் கான்' என்றால் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. 'ஹாஸ் பீன்' என்றால் போயிட்டு வந்துட்டார்.

இந்த வித்தியாசம் அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாமலேயே தெரியும். லீவு முடிந்து மெட்ராஸ் பஸ் ஏறும்போது அவசரத்தில் "போறேம்ப்பா" என்று சொல்லிவிட்டால் போச்சு. படியிலிருந்து இறங்கச் சொல்லி, "போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்பார். சொன்ன பிறகுதான் ஏற விடுவார்.

வெண்டு கதையை அகராதியில் படித்த அன்றைக்கு, முதலில் அப்பாவுக்குத்தான் போன் போடத் தோன்றியது. 'நீங்க சொன்னது சரிப்பா, வரவு இருக்கு' என்று சொல்லியிருப்பேன். அப்போது அவர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நானும் அவரும் சேர்ந்து தேடிய பதில், தனியாக என் கையில்.

எனவே ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்கள் பையனோ, அக்கா பையனோ, ஆபீஸுக்குப் புதுசாக வந்த தம்பியோ, 'கோ-வுக்கு ஏன் சார் வென்ட்?' என்று கேட்டால், 'அது அப்படித்தான்' என்று குட்டாதீர்கள். தத்துப் பிள்ளை கதையைச் சொல்லுங்கள்.

அப்புறம் போன் அடித்தால், அவனையே எடுக்கச் சொல்லுங்கள்.