திருவையாறு நம்ம போனுக்கே வருது

"கர்நாடக சங்கீதம்லாம் மயிலாப்பூர்காரங்க சமாச்சாரம்"னு இனியும் சொல்லாதீங்க. ஆவடியிலிருந்து ஒரு சாயங்காலக் கச்சேரிக்குப் போகணும்னா சென்ட்ரல் வரை ஒரு ரயில், அங்கிருந்து இன்னொன்று. திரும்பி வருவதற்குள் ஹாஸ்டல் கேட் பூட்டியிருக்கும். தூரம் உண்மைதான். ஆனால் தியாகராஜர் ஆராதனைக்கு அந்தச் சாக்கு செல்லாது.

1847-ல் மறைந்த தியாகராஜரின் நினைவாக, வருடா வருடம் திருவையாற்றில், காவிரிக்கரையில் வித்வான்கள் கூடி உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்து ராகம், ஏறத்தாழ ஒரு மணி நேரம். தூர்தர்ஷன் நேரலையில் காட்டுது. டிக்கெட் இல்லை.

இந்தக் கதவு சும்மா திறக்கலை. அங்கே சமாதிக் கோயில் எழுப்பத் தன் சொத்தைச் செலவழித்தவர் பெங்களூர் நாகரத்னம்மாள். பெண் என்பதால் அவரையே அங்கே பாட விடவில்லை. அவர் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தார். 1940-களின் தொடக்கத்தில்தான் எல்லோரும் சேர்ந்து பாடும் நிலை வந்தது. அடுத்த கதவை நேரலை திறந்திருக்கு.

நேரலை நேரில் கேட்பதற்கு ஈடாகாதுன்னு சொல்வாங்க. சரிதான். அத்தனை குரலும் ஒன்றாக எழும்பும் அதிர்வு இயர்போனில் வராது. ஆனா நம்ம முன்னாடி இருக்கும் கேள்வி நேரிலா, நேரலையா என்பதில்லை. கேட்கிறோமா, இல்லையா என்பதுதான்.

அடுத்த ஆராதனைக்கு ஹாஸ்டல் ரூமில் ஒரு ஸ்பீக்கர் வைங்க. நாலு பேர் உட்காருங்க. காலையில் கிளாஸ் இருந்தா சாயங்காலம் பதிவைப் போடுங்க. ஒரு மணி நேரம் ஸ்க்ரோல் பண்ணாம கேளுங்க. அப்புறமும் பிடிக்கலைன்னா தாராளமா சொல்லுங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க, அவ்வளவுதான்.